பல்லவச் சிங்கம்

பல்லவ அரசின் இலச்சினை காளை. செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையிலும் காசுகளிலும் அதைக் காணலாம். ஆனால் மாமல்லபுரத்தில் திரும்பிய பக்கமெல்லாம் தென்படுவது சிங்கம். காளை குலத்தின் அடையாளம். சிங்கமோ மன்னனின் பெயர். சிம்மவிஷ்ணு, நரசிம்மவர்மன், ராஜசிம்மன் எனத் தலைமுறை தலைமுறையாக அப்பெயர் தொடர்கிறது.

சிங்கம் தூணுக்கு வந்து சேர்ந்த வழியைச் செங்கல்பட்டிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம். ஊரை அடுத்த வல்லத்தில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடையப்பட்ட குடைவரையின் தூண்கள் மேலும் கீழும் சதுரம், நடுவே எண்பட்டை. விலங்கு எதுவும் இல்லை. அவன் மகன் நரசிம்மவர்மன் காலத்தவை எனப் பொதுவாகக் கருதப்படும் மாமல்லபுரத்து வராக மண்டபத்திலும் பீம ரதத்திலும் தூணின் அடியில் சிங்கம் உட்கார்ந்துவிட்டது. மேலே உள்ள பாரமெல்லாம் அதன் தலையில். அரசன் நாட்டைத் தாங்குகிறான் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கல்லில் சொல்ல முடியாது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எடுத்த காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அதே சிங்கம் பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது. மாமல்லபுரப் பணிகள் யாவும் ராஜசிம்மனுடையவையே என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. அப்படியானாலும் சிங்கத்தின் பொருள் மாறிவிடாது.

கடற்கரைக் கோயிலில் இது வெளிப்படை. அங்குள்ள மூன்று சன்னதிகளின் பழம்பெயர்கள் க்ஷத்ரியசிம்ம பல்லவேச்வரம், ராஜசிம்ம பல்லவேச்வரம், நரபதிசிம்ம பல்லவ விஷ்ணுகிருகம். மூன்றும் அரசனின் பட்டங்கள், மூன்றிலும் சிங்கம். வளாகத்தில் ஒற்றைக்கல்லில் செதுக்கிய சிங்கத்தின் மார்பைக் குடைந்து துர்க்கையை அமர்த்தியிருக்கிறார்கள். சிங்கம் அரசனுக்குப் பெயர், வெற்றித் தெய்வத்துக்கு வாகனம். வடக்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகை என்று மக்கள் அழைக்கும் பாறையில் மேடையைச் சூழ்ந்து வாய் பிளந்திருப்பவையும் புலிகள் அல்ல, யாளிகள்.

பன்றியின் கதை வேறு. வராகம் சாளுக்கியரின் இலச்சினை. 642-ஐ ஒட்டி அவர்களுடைய வாதாபியை நரசிம்மவர்மன் கைப்பற்றினான். அதனால் வராக மண்டபச் சிற்பத்தைப் பகைவனிடமிருந்து பறித்த சின்னமாகக் கொள்ளத் தோன்றும். கவர்ச்சியான விளக்கம்தான், ஆனால் தேவையில்லை. நிலமகளைத் தூக்கி நிறுத்தும் திருமால், நிலத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ளும் எந்த அரசனுக்கும் ஏற்ற உருவம். ஆதிவராகக் குகையில் சிம்மவிஷ்ணுவும் மகேந்திரனும் தேவியரோடு, பெயர் பொறித்த சிற்பங்களாக இடம்பெற்றிருப்பது இதற்குச் சான்று.

அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரும்பாறையில் யானைகள் உயிரளவில் நிற்கின்றன. தோல் மடிப்பும் கால்களுக்கிடையே ஒதுங்கிய குட்டிகளும் சிற்பி நேரில் பார்த்தவை. சிங்கம் அப்படியல்ல, தமிழகக் காடுகளில் அது இல்லை. சுருள் பிடரியும் உருண்ட விழியும் கேள்வியிலும் மரபிலும் வந்தவை. அரசனுக்கு வேண்டியது விலங்கியல் அல்ல, மிடுக்கு.

சீனத்திலும் இதே நிலை. சிங்கம் அங்கும் வாழும் விலங்கல்ல. மேற்கு நாடுகளிலிருந்து அரசவைக்குக் காணிக்கையாக வந்தது, பௌத்தத்தோடும் பரவியது. 683-இல் இறந்த தாங் பேரரசர் காவோசோங்கின் கல்லறையான சியான்லிங்கின் வாயில்களைக் கல் சிங்கங்களே காக்கின்றன. ராஜசிம்மனுக்குச் சற்று முந்திய காலம்.

இரு அரசுகளுக்கும் தொடர்பும் இருந்தது. அரபியரையும் திபெத்தியரையும் எதிர்த்துத் தன் போர் யானைகளையும் படையையும் பயன்படுத்த முன்வந்த தென்னிந்திய அரசன் ஒருவன் அந்தப் படைக்கு ஒரு பெயர் வேண்டினான் எனவும், பேரரசர் அதை வழங்கினார் எனவும் 720-ஆம் ஆண்டு நிகழ்வாகத் தாங் வரலாற்று நூல் பதிந்துள்ளது. அவன் ராஜசிம்மனே என்பது வரலாற்றாசிரியர் கருத்து.