ஒன்பது பேர், ஒரே ஒரு ரேடியோ செய்தி... 1942-ல் கொழும்பை உஷார்படுத்திய விமானத்துக்கு என்ன ஆச்சு?

கல்பாக்கம் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால், இன்று மீன்பிடிப் படகுகள்தான் தெரியும். ஆனால், 1942 ஏப்ரலில் இதே கடல் பயம் காட்டியது. ``ஜப்பான்காரன் குண்டு போட வர்றான்"னு மெட்ராஸே காலியான கதையை உங்க வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. அது வெறும் வதந்தி இல்லை. ஏப்ரல் 6-ம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் நிஜமாகவே குண்டு விழுந்தது.

அதற்கு இரண்டு நாள் முன்பு நடந்ததுதான் இந்தக் கதை.

ஏப்ரல் 4. இலங்கையின் கொக்கலையில் இருந்து ஒரு கேட்டலினா விமானம் விடியும் முன்பே கிளம்பியது. தண்ணீரிலேயே இறங்கி, தண்ணீரில் இருந்தே கிளம்பும் ரகம். குண்டும் சுமக்கும். ஆனால், முக்கிய வேலை கடலைக் கண்காணிப்பது. உள்ளே ஒன்பது பேர். தலைமை, கனடா விமானப்படையின் லியோனார்ட் பெர்ச்சல். அவர் இலங்கைக்கு வந்தே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில், தூரத்தில் சில புள்ளிகள். கிட்டே போய்ப் பார்த்தால், ஜப்பானின் பெரும் கடற்படை! நான்கு மாதம் முன்பு பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே நகுமோவின் படை.

உடனே திரும்பியிருக்கலாமே என்று தோணும். கப்பல்கள் எத்தனை, எந்தத் திசையில் போகின்றன என்று எண்ணிச் சொன்னால்தானே கரையில் இருப்பவர்களுக்குப் பிரயோஜனம்? அதனால் நெருங்கிப் போனார்கள். ரேடியோவில் செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே ஜீரோ போர் விமானங்கள் சூழ்ந்துகொண்டன. வேகத்தில் கேட்டலினாவால் அவற்றோடு போட்டி போடவே முடியாது. தீப்பிடித்துக் கடலில் விழுந்தது.

மூன்று பேர் இறந்தார்கள். ஆறு பேரை ஜப்பானியர்கள் சிறைபிடித்து, ``செய்தி அனுப்பினீங்களா?" என்று அடித்து விசாரித்தார்கள்.

செய்தி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. சேதம் இருந்தது. ஆனால், துறைமுகத்தில் இருந்த கப்பல்களில் பெரும்பாலானவை அதற்குள் வெளியேறிவிட்டன. பேர்ல் ஹார்பர் அங்கே திரும்ப நடக்கவில்லை.

அந்த ஆறு பேரும் மூன்று வருஷத்துக்கு மேல் போர்க்கைதிகளாக இருந்து, 1945-ல் உயிரோடு மீண்டார்கள். முகாமில் சக கைதிகளுக்காகக் காவலர்களை எதிர்த்து நின்று அடிவாங்கியவர் பெர்ச்சல். 2004 வரை வாழ்ந்தார்.

மற்ற மூன்று பேருக்குக் கல்லறை இல்லை. கடல்தான்.