தெரிந்த முடிவும் தீராத சுவையும்: ‘சந்திரமுகி’யை மறுமுறை காணல்

மர்மப்படம் ஒன்றின் முடிவை முன்னரே அறிந்துவிட்டால் அதன் சுவை கெட்டுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. 1960 இல் ‘சைக்கோ’வை வெளியிட்ட அல்பிரட் ஹிட்ச்கொக், படம் தொடங்கிய பின்னர் எவரையும் அரங்கினுள் அனுமதிக்கலாகாது என நிபந்தனை விதித்தமைக்கும் இந்நம்பிக்கையே அடிப்படை. ஆயினும் நடைமுறை இதற்கு மாறாகவும் அமைவதுண்டு. சீனன்குடாவில், பழைய எண்ணெய்த்தாங்கிகளுக்கு அணித்தான தொழிலாளர் வீடொன்றில் ‘சந்திரமுகி’ தொலைக்காட்சியில் ஓடக் கண்டோம். பேயெனப்படுபவள் கங்காவே என்பதை அங்கிருந்த சிறுவரும் அறிவர். எனினும் ஒருவரேனும் இடையில் எழுந்து செல்லவில்லை. இதன் காரணத்தை ஆராய்வதே எமது நோக்கம்.

‘சந்திரமுகி’யின் மர்மம் வெளியீட்டின்போதே பலருக்குத் தெரிந்த மர்மமாகும். பாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ 1993 இல் மலையாளத்தில் வெளிவந்தது. பி. வாசு அக்கதையை 2004 இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ எனவும், 2005 ஏப்ரல் 14 இல் தமிழில் ‘சந்திரமுகி’ எனவும் தந்தார். சென்னை சாந்தி திரையரங்கில் அது 800 நாள்களுக்கு மேல் ஓடியது. ரஜினிகாந்தின் நட்சத்திரக் கவர்ச்சி இதற்கொரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், முடிவு தெரிந்தும் மீண்டும் வந்தவர்களின்றி இத்தகைய ஓட்டம் சாத்தியமாகியிராது.

இவ்விடத்தில் ஹிட்ச்கொக் கூறிய வேறுபாடொன்று பயன்படும். மேசையின் கீழுள்ள குண்டு திடீரென வெடித்தால் பார்வையாளர் அடைவது கணநேர அதிர்ச்சி. குண்டு இருப்பதை அவர்கள் முன்னரே அறிந்திருந்தால், மேசையருகே நிகழும் வெறும் பேச்சும் நீண்ட பதற்றமாகிவிடும். அறிவு சுவையை அழிப்பதில்லை. அதன் இயல்பை மாற்றுகின்றது. 2011 இல் அமெரிக்க உளவியலாளரான லெவிற், கிறிஸ்டன்ஃபெல்ட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், முடிவு முன்கூட்டியே சொல்லப்பட்ட சிறுகதைகளையே வாசகர் கூடுதலாக விரும்பினர். பின்வந்த சில ஆய்வுகள் எதிர்மாறான முடிவுகளைத் தந்தன. எனவே தனிமனித உளவியலை மட்டும் கொண்டு இவ்வினாவைத் தீர்த்துவிட முடியாது. கலையைத் துய்க்கும் சமூக வழக்கங்களையும் நோக்குதல் வேண்டும்.

எமது மரபில் முடிவறிந்து சுவைத்தலே பொதுவிதியாக இருந்துள்ளது. கூத்துக்களரியைச் சூழ்ந்து விடியும்வரை அமர்ந்திருந்தோர், அபிமன்யு மாள்வான் என்பதை அறியாதவரல்லர். மட்டக்களப்புப் பிரதேசத்துக் கண்ணகியம்மன் கோயில்களில் ஆண்டுதோறும் வைகாசியில் வழக்குரை பாடப்படுகையில், கோவலன் தப்பிவிடுவான் என எவரும் எதிர்பார்ப்பதில்லை. முடிவை ஓர் இரகசியச் சரக்காகப் பாதுகாக்கும் வழக்கம், நுழைவுச்சீட்டு விற்கும் கலைத்தொழிலோடு வலுப்பெற்றதாகும். நாடகாசிரியர் பிரெக்ட், முடிவின்மீதுள்ள ஆவலைக் கதையின் போக்கின்மீது திருப்புவதே தமது அரங்கின் பணிகளுள் ஒன்று என்றார். ‘என்ன நடக்கும்?’ என்ற வினா ஓய்ந்த பின்னரே ‘ஏன் இவ்வாறு நடக்கின்றது?’ என்ற வினாவுக்கு இடமுண்டாகின்றது.

இந்நோக்கில் ‘சந்திரமுகி’யை மறுமுறை காண்போர் பலவற்றைப் புதிதாய்க் காண்பர். ஜோதிகாவின் முகத்தில் தோன்றி மறையும் சிறு மாற்றங்கள் ஒருபுறமிருக்க, மாளிகையிலுள்ளோரின் சந்தேகம் யார்மீது விழுகின்றது என்பதே முக்கியமானது. தோட்டக்காரர் குடும்பத்துப் பெண்ணான துர்க்காவே சந்தேகத்துக்குள்ளாகின்றாள். முதன்முறை பார்த்தபோது இயக்குநர் விரித்த வலையில் நாமும் வீழ்ந்தோம். உழைப்போர் வீட்டுப் பெண்ணைக் குற்றவாளியாக எண்ண எமக்கும் சிரமமிருக்கவில்லை. உண்மை தெரிந்து மறுமுறை பார்க்கையில் எமது பழைய சந்தேகமே விசாரணைக்குள்ளாகின்றது. நாம் சென்ற வீட்டில், துர்க்காவை ஏனையோர் உற்றுநோக்கும் காட்சியில், “பாவம், அவளில்லையே!” என ஒரு மூதாட்டி முணுமுணுத்தார். 2009 வரை நீடித்த போர்க்காலத்தில், சோதனைச்சாவடிகளில் காரணமின்றிச் சந்தேகிக்கப்பட்டு வாழ்ந்த மக்களுக்கு அக்காட்சி வெறும் மர்ம உத்தியன்று.

இன்னுமொன்று. மலையாளப் படத்தின் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொணரப்பட்ட தமிழ் நர்த்தகி. தமிழுக்கு வந்ததும் அவள் தெலுங்கு பேசுகின்றாள். 2007 இல் இந்தியில் வந்த ‘பூல் புலையா’வில் வங்காளியாகின்றாள். எம்மொழியில் எடுத்தாலும் பேய் அயல்மொழிக்காரியே. அவளைக் கொணர்ந்து வதைத்த பிரபுவோ உள்ளூரவன். மலையாளப் பார்வையாளரை அச்சுறுத்திய குரல் எமது மொழியே என்பதை உணரும்போது, தெலுங்குக் குரலுக்கு நாம் அஞ்சியதன் பொருளும் தெளிவாகின்றது.

முடிவறிந்து காணும் அனைவரும் விமர்சகராகிவிடுவர் என நாம் கூறவில்லை. பழகிய கதை ஆறுதலாக மட்டும் அமைந்துவிடலாம். படமும் தன் எல்லையைத் தாண்டவில்லை: மருத்துவரும் மாந்திரிகரும் கைகோத்து, வேட்டையனுக்குப் பதிலாக ஒரு பொம்மையின்மீது அவள் பழிதீர்க்கச் செய்கின்றனர். கங்கா குணமடைகின்றாள், மாளிகையின் உடைமையுறவுகளுக்கு ஊறேதும் நேர்வதில்லை. எனினும், பேய் யாரென்பது தெரிந்துவிட்டமையாலேயே, அவளைப் பேயாக்கியவர் யார் என்று கேட்கும் அவகாசம் எமக்குக் கிட்டுகின்றது. மறுமுறை காண்பதால் பெறத்தக்க பயன் அதுவேயாகும்.