கொல்லாமல் ஜெயிக்கிற ஆட்டம்

செல்போன் விளையாட்டைப் பற்றிய பேச்சு வீடுகளில் இரண்டே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. பிள்ளை கெட்டுப்போகிறான் என்பார்கள் பெற்றோர். சும்மா விளையாட்டுத்தானே என்பான் பிள்ளை. எவ்வளவு நேரம் ஆடுகிறான், கண் என்னாகும், பரீட்சை என்னாகும் என்பதிலேயே சண்டை தீர்ந்துபோகிறது. ஜெயிப்பதற்கு அந்த ஆட்டம் அவனை என்ன செய்யச் சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஓட்டப்பிடாரத்திலிருந்து கோவில்பட்டி வரை பையன்கள் கூட்டமாக உட்கார்ந்து ஆடுவது பப்ஜி வகையும் ஃப்ரீ ஃபயர் வகையும்தான். தடை வந்தது, பெயர் மாறியது, பப்ஜியின் இந்தியப் பதிப்பில் ரத்தம் பச்சை நிறமானது. ஆட்டத்தின் உள்ளடக்கம் அப்படியேதான் இருக்கிறது. தீவில் குதி, துப்பாக்கியைத் தேடு, மற்றவர்கள் எல்லோரும் செத்த பிறகு கடைசி ஆளாக நில். இதற்கு நேர் எதிராக, வீடியோ கேம்களில் ஒருவரையும் கொல்லாமல் கடைசிக் கட்டம் வரை போக முடியுமா என்று உலகமெங்கும் ஒரு கூட்டம் முயன்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் கண்டறிந்திருப்பது வேறெந்த ஊரையும்விட நம் கரிசல் பூமிக்குத்தான் அவசரமாகத் தேவைப்படுகிறது என்பது என் கட்சி.

கொலை இந்த விளையாட்டுகளின் மையத்துக்கு வந்ததற்குக் காரணம் யாருடைய ரத்தவெறியும் இல்லை. நிரல் எழுத அதுதான் சுலபம். எதிரிக்கு ஓர் எண் கொடுத்தால் போதும். குண்டு பட்டால் எண் குறையும், பூஜ்யமானால் உருவம் மறையும். 1978-இல் ஜப்பானில் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் வேற்றுக்கிரகவாசிகளைச் சுடச்சுட, மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் இயந்திரத்துக்குத் தானாகக் கிடைத்த வேகம் அது. எதிரியோடு பேச வேண்டும், அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும், சமாதானம் பண்ண வேண்டும் என்றால் ஒவ்வொருவனுக்கும் ஒரு குணத்தையும் ஒரு கதையையும் பத்துப் பதினைந்து பதில்களையும் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். அதற்கு நேரமும் பணமும் ஆகும். 1980-இல் பேக்-மேன் சாப்பிடுவதையே ஆட்டமாக்கியது. 1984-இல் மாஸ்கோவில் பிறந்த டெட்ரிஸ், விழும் கட்டைகளை அடுக்குவதை ஆட்டமாக்கியது. இரண்டும் உலகத்தையே கட்டிப்போட்டன. ஆனாலும் பெரும்பணம் துப்பாக்கியின் பின்னாலேயே போயிற்று.

கொல்ல மறுத்து ஆடுபவர்கள் முதலில் கண்டுகொண்டது, அப்படி ஆடினால் ஆட்டம் கடினமாகிவிடுகிறது என்பதை. 2012-இல் வந்த டிஸ்ஹானர்ட் என்ற விளையாட்டில் ஆடுபவன் ஒரு கொலையாளி. ஆனால் ஒரு உயிரைக்கூட எடுக்காமல் அதை முடிக்கலாம். காவலாளி எந்தப் பக்கம் திரும்புவான், எத்தனை நொடியில் திரும்பி வருவான், கூரை வழியே போக இடமுண்டா என்று ஒவ்வொரு அடிக்கும் கணக்குப் போட வேண்டும். பிணங்கள் கூடினால் நகரத்தில் எலியும் கொள்ளைநோயும் கூடும், முடிவும் இருண்டுபோகும். கொல்லாத வழி சில இடங்களில் கொலையைவிடக் கொடுமையானது. அதையும் யோசித்துத்தான் ஆட வேண்டியிருக்கிறது. 2015-இல் வந்த அண்டர்டேல் என்ற சின்ன விளையாட்டில் எதிர்ப்படும் ஒவ்வொரு பூதத்தையும் கொல்லாமல் விட்டுவிட வழி உண்டு. ஒன்றைப் பாராட்ட வேண்டும், இன்னொன்றைச் சிரிக்கவைக்க வேண்டும். நீங்கள் பழைய ஆட்டத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாலும் முன்பு செய்தவற்றில் சிலவற்றை அது மறப்பதில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற மாபெரும் போர் விளையாட்டில் ஒருவர் எந்தப் படையிலும் சேராமல், தொடக்கத் தீவைவிட்டு நகராமல், மூலிகை பறித்தும் கனிமம் தோண்டியுமே உச்ச நிலையை எட்டிக் காட்டினார். இதற்கு எதிரான அனுபவமும் உண்டு. 2011-இன் டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன், முழு ஆட்டத்தையும் கொல்லாமல் கடக்க இடம் கொடுத்துவிட்டு, முக்கியமான சில சந்திகளில் மட்டும் சண்டையைத் தவிர்க்க முடியாமல் வைத்திருந்தது. ஆடியவர்கள் கொதித்துப்போனார்கள். 2013-இல் திருத்திய பதிப்பில் அந்த இடங்களை மாற்றியமைக்க வேண்டியதாயிற்று.

துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறவன் கொலைகாரன் ஆகிவிடுவானா என்று கேட்பவர்களுக்கு, ஆகமாட்டான் என்பதுதான் நேர்மையான பதில். அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் வெளியிட்ட தீர்மானம், இந்த விளையாட்டுகளுக்கும் நிஜ வன்முறைக்கும் காரண காரியத் தொடர்பு காட்டப் போதிய சான்று இல்லை என்கிறது. கத்துவது, தள்ளுவது மாதிரியான முரட்டுத்தனத்தோடு மட்டும் சிறிய தொடர்பு தெரிவதாகச் சொல்கிறது. ஜப்பானும் தென்கொரியாவும் இரவு பகலாக ஆடும் நாடுகள். கொலை மிகக் குறைவாக நடக்கும் நாடுகளும் அவையே. ஆகவே ஃப்ரீ ஃபயரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் எண்ணம் எனக்கு இல்லை. என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. எதிராளி இல்லாமல் போவதைத் தவிர ஜெயிப்புக்கு வேறு உருவமே தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்தால் என்ன ஆகும்? அதுவும் தென்மாவட்டங்களில் வளர்ந்தால்?

இங்கே அந்தப் பையன் செல்போனைக் கையில் வாங்குவதற்கு முன்பே பாடம் தொடங்கிவிடுகிறது. சினிமாவில் நம் வட்டாரம் என்றாலே அருவாள். திருவிழா பேனரில் அருவாள், பைக்கின் பின்னால் ஸ்டிக்கராக அருவாள், ரீல்ஸில் அருவாளோடு நடந்துவரும் ஆளுக்குப் பின்னணி இசை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர்க் குழுவாக அரசு நியமித்தது. 2024 ஜூனில் வந்த அந்த அறிக்கை, மாணவர் கையில் சாதி காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்பதிலிருந்து தொடங்கி நிறையச் சொன்னது. 2025 மார்ச்சில் இதே தூத்துக்குடி மாவட்டத்தில், ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், பரீட்சைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவனை இறக்கி வெட்டினார்கள். அவன் விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் தோற்ற வன்மம் என்று செய்திகள் வந்தன. இந்த இரண்டுக்கும் வேர் சாதி. செல்போனில் தேடினால் அது கிடைக்காது. ஆனால் கபடியில் தோற்றவன் அடுத்த மேட்ச்சுக்குக் காத்திருக்காமல் அருவாளைத் தேடுகிறான் என்றால், தோல்வியைத் தாங்கும் பழக்கமும் எதிராளியை உயிரோடு விட்டுவைத்து மிஞ்சும் பழக்கமும் அவனுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். கபடியிலேயே அவுட்டானவன் திரும்ப உள்ளே வருகிறான்! அந்தப் பழக்கத்தை வீடும் பள்ளியும் தர வேண்டும்தான். ஒரு பையன் தன் விருப்பத்தோடு தினமும் மணிக்கணக்கில் போய் உட்காரும் இடம் அதற்கு உதவக்கூடுமானால் அதை ஏன் விட வேண்டும்?

ஓட்டப்பிடாரம் வட்டாரத்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளலாம். பஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பற்றி எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மணியாச்சி சந்திப்பில் 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்டார், சுட்ட வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டுக்கொண்டார். அந்த ஸ்டேஷன் இன்று வாஞ்சி மணியாச்சி. அந்தச் செயலை எடைபோடுவது இந்தக் கட்டுரையின் வேலையில்லை. நான் கேட்பது, நம் பிள்ளைகளுக்கு அந்த ஐந்து நிமிடம் தெரிந்த அளவுக்கு அதற்கு முந்தைய ஐந்து வருடம் ஏன் தெரியவில்லை என்பதைத்தான். 1872-இல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், ஆக 40,000 பங்குகளை ஊர் ஊராக விற்றாக வேண்டும். வாடகைக்கு எடுத்த கப்பலை வெள்ளைக்காரக் கம்பெனி ஆள்வைத்து நிறுத்தச் செய்தது. இலங்கையிலிருந்து வேறு கப்பல் வந்தது. பிறகு காலியா, லாவோ என்ற சொந்தக் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது என்பார்கள். 1908-இல் கோரல் மில் தொழிலாளர்களைத் திரட்டி, வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வையும் வார விடுமுறையையும் வாங்கிக்கொடுத்தார். அதே வருடம் சிறை, செக்கு. ஒருவரையும் கொல்லாமல், உலகின் மிகப் பெரிய சாம்ராஜ்யத்தின் கப்பல் வியாபாரத்தை இரண்டு வருடம் திணறடித்த மனிதர் அவர். இதைவிட நல்ல வியூக விளையாட்டுக்கு யார் கதை எழுதிவிட முடியும்? பங்கு விற்பனை, வாடகைக் கப்பல், கட்டணப் போட்டி, உள்ளே கூட்டாளிகளின் தயக்கம், வெளியே போலீஸ். ஒவ்வொரு நகர்வுக்கும் விலை இருக்கிறது. தோற்கவும் செய்யலாம், சங்கம் 1911-இல் கலைந்துதான் போனது.

விறுவிறுப்பு குறைந்துவிடும் என்பார்கள். ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கோயில் கல்தரையிலும் மடத்துத் திண்ணையிலும் கோடு கீறிவைத்த அந்த ஆட்டத்தில் 23 சந்திகள், 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது. புலிகள் நகர இடமில்லாமல் மூன்றையும் அடைப்பதுதான் ஆட்டுக்காரருக்கு ஜெயிப்பு. எல்லா ஆடுகளும் பிழைத்திருந்தால் பலகையில் காலியாக இருப்பது ஐந்தே இடம்; நாலு ஆடு போய்விட்டால் ஒன்பது இடம், புலிக்கு மூச்சு வந்துவிடும். ஒரு உயிர்கூட வீணாகாமல் காப்பதும் எதிராளியை மடக்குவதும் ஒரே வேலையாக இதில் பிணைந்திருக்கின்றன. புலிப் பக்கம் ஆடப் பத்து வயதுப் பையனுக்கு அரை மணியில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆட்டுப் பக்கம் ஆட வருடங்கள் வேண்டும். திண்ணையில் பெரியவர்கள் ஆட்டைத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டு பையன்களுக்குப் புலியைக் கொடுத்ததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். மேலைநாட்டில் நாற்பது வருடம் நிரல் எழுதித் தேடிவந்த அமைப்பு நம் கல்தரையில் கிடக்கிறது.

தமிழில் இப்படியொன்று எடுத்தால் யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்கும் இப்போது பதில் இருக்கிறது. 2023 ஜூலையில் வெளிவந்த வெண்பா என்ற வீடியோ கேம், 1980-களில் டொரொன்டோவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தம்பதியின் கதை. அதில் ஆடுபவருக்கு வேலை சமையல். அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் இருக்கிறது. விடுபட்டதை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பது அதில் ஒரு புதிர். நடுவே மகன் தமிழைவிட்டு விலகிப்போகிறான். 2024-இல் சுயேச்சை விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் தலைமைப் பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பரிசையும் அது வாங்கியது. பப்ஜி ஆடும் கூட்டம் இதற்கு வராது என்பது உண்மையே. வெண்பா ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். நண்பர்களோடு சேர்ந்து ஆட முடியாது. நம் பையன்கள் வைத்திருக்கும் பத்தாயிரம் ரூபாய் போனுக்காகச் செய்யப்பட்டதும் இல்லை. அந்தப் போனில், நாலு பேர் சேர்ந்து, கத்திக்கொண்டே ஆடும்படி ஒன்று வேண்டும்.

கரிசலிலேயே அதற்கு ஆட்டம் இருக்கிறது. மானாவாரிச் சம்சாரியின் ஒரு வருடத்தை விளையாட்டாக்கினால் போதும். நாலு பேரும் பக்கத்துப் பக்கத்துப் புஞ்சைக்காரர்கள். புரட்டாசியில் மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பதா, முதல் மழை விழட்டும் என்று காத்திருப்பதா? முந்தி விதைத்தவனுக்கு மழை பிந்தினால் விதை போச்சு. காத்திருந்தவனுக்கு ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் கரிசலில் கால் வைக்க முடியாது. உளுந்தா, பாசியா, மக்காச்சோளமா? மக்காச்சோளம் என்றால் 2018-இலிருந்து படைப்புழு இருக்கிறது. காட்டுப்பன்றி இறங்கும் ராத்திரி காவலுக்கு ஒருத்தன் மட்டும் போனால் அவன் புஞ்சை மிஞ்சும். நாலு பேரும் முறைபோட்டுக்கொண்டால் நாலும் மிஞ்சும், ஆனால் தூக்கம் கெட்ட மறுநாள் வேலை பாதிதான் நடக்கும். கண்மாய் மடையைத் திறப்பதில் தகராறு வந்தால் பேசித் தீர்த்தாக வேண்டும். தீராவிட்டால் தண்ணீர் எவனுக்கும் இல்லை. வெள்ளாமை பொய்த்தவன் ஆட்டத்தைவிட்டு வெளியேற வேண்டியதில்லை. அவன் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கூலிக்குப் போவான், விதைக்கடன் அடைப்பான், அடுத்த புரட்டாசிக்கு மற்ற மூன்று பேரோடு மறுபடி வானத்தைப் பார்த்து நிற்பான். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இன்று கோவில்பட்டியிலேயே இருக்கிறார்கள். எந்த மேகம் ஏமாற்றும், எந்தக் காற்றுக்கு மழை இறங்கும் என்று சொல்லத் தெரிந்த சம்சாரிகள் ஓட்டப்பிடாரத்தைச் சுற்றி இன்னும் இருக்கிறார்கள். இந்த இரண்டு பேரையும் ஒரு மேஜையில் உட்காரவைக்கும் வேலையை எந்தக் கல்லூரியும் செய்யலாம், இந்த வருடமே செய்யலாம்.