வாரம் பன்னிரண்டு மணி நேர ஆசிரியை

பிளஸ் ஒன்னில் மொழிப் பாடமாகப் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகளிடம் காரணம் கேட்டால், 'மார்க் நல்லா வரும்' என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். நானும் அப்படி எடுத்தவள்தான். பொதுத்தேர்வு முடிந்ததும் பலர் அந்த மொழியை அதோடு விட்டுவிடுகிறார்கள். விடாமல் இன்னும் மூன்று, நான்கு ஆண்டுகள் படித்தால் பிரான்ஸ் நாட்டுப் பள்ளியில் ஏழு மாதம் சம்பளத்தோடு வேலை செய்து, அங்கேயே வாழ்ந்து, வார இறுதிகளில் ஊர் சுற்றிவிட்டு வரலாம். எங்கள் ஊரில் இது அதிகம் பேருக்குத் தெரியாது. நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வீட்டில் பிறந்தவள், அந்த வழியில் போய் வந்தவள். அது என்ன வேலை, என்ன வாழ்க்கை என்பதை விவரமாகச் சொன்னால் இன்னும் சிலர் துணிந்து கிளம்புவார்கள் என்று நம்புகிறேன்.

யார் அழைக்கிறார்கள்?

1905 முதலே பிரான்ஸ் பிற நாட்டு இளைஞர்களை மொழி உதவியாளர்களாகத் தன் பள்ளிகளுக்கு அழைத்து வருகிறது. பாரிஸை ஒட்டிய செவ்ர் நகரில் உள்ள 'பிரான்ஸ் எஜுகேஷன் இன்டர்நேஷனல்' என்ற அரசு நிறுவனம் இன்று இதை நடத்துகிறது. ஆங்கிலம் பேசவைக்க பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து ஆட்களை எடுக்கிறார்கள். இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. பிரெஞ்சு படித்த இந்திய இளைஞர்கள் இங்குள்ள பிரெஞ்சு நிறுவனத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். போவது பிரெஞ்சு கற்பிக்க அல்ல, ஆங்கிலம் பேசவைக்க. ஆனாலும் அங்கே கடைக்கும் வங்கிக்கும் போய்வர பிரெஞ்சு வேண்டும் என்பதால், பொதுவாக அதில் பி1 என்ற இடைநிலைத் தேர்ச்சியாவது எதிர்பார்க்கிறார்கள்.

இதே மாதிரித் திட்டங்கள் வேறு நாடுகளிலும் உள்ளன. ஜப்பானின் 'ஜெட்' திட்டம் 1987-இல் தொடங்கியது. அமெரிக்காவின் ஃபுல்பிரைட் திட்டம் பல நாட்டு இளம் ஆசிரியர்களைத் தங்கள் தாய்மொழி கற்பிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அழைத்துக்கொள்கிறது.

நான் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டே, சனிக்கிழமைதோறும் சென்னை நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸுக்குப் போனேன். காஞ்சிபுரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்ரயில் செங்கல்பட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். வினைச்சொல் அட்டவணைகளை அந்த ரயிலில்தான் மனப்பாடம் செய்தேன். கூடையோடு வரும் பூக்கார அக்கா, "என்ன பாஷைம்மா இது?" என்று கேட்டுவிட்டு, இறங்கும்வரை என் பையைப் பார்த்துக்கொள்வார். வார இறுதிப் பயணம் எனக்கு அங்கேயே பழகிவிட்டது.

வகுப்பில் என்ன நடக்கும்?

எனக்குக் கிடைத்த ஊர் சான்-எத்தியேன். லியோனுக்குத் தென்மேற்கே, ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் பட்டு ரிப்பன் நெசவுக்கும் பேர்போன ஊர். சுரங்கங்கள் மூடிவிட்டன. ரிப்பன் தறிகளை அருங்காட்சியகத்தில் ஓட்டிக் காட்டுகிறார்கள்.

வேலை வாரத்துக்கு 12 மணி நேரம், அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. உதவியாளர் மார்க் போடுவதில்லை, இலக்கணம் நடத்துவதில்லை. வகுப்பாசிரியர் பாதிப் பிள்ளைகளை நம்மிடம் அனுப்புவார். நாம் அவர்களை வாய் திறந்து பேசவைக்க வேண்டும், அவ்வளவுதான் பொறுப்பு. நாற்பது பேர் வகுப்பில் கைகட்டி உட்கார்ந்து படித்த எனக்கு, எட்டு, பத்துப் பேரோடு வட்டமாக உட்கார்ந்து பேசுவதே புதிய பாடம்.

முதல் வாரம் ஒரு பையன் நேராகவே கேட்டான்: "மதாம், நீங்கள் அமெரிக்கர் இல்லையே, எப்படி எங்களுக்கு ஆங்கிலம்?" நல்ல கேள்வி. உலகில் ஆங்கிலம் பேசுவோரில் பெரும்பாலோர் அதை இரண்டாம் மொழியாகக் கற்றவர்கள்தான். எங்கள் உச்ச நீதிமன்றம் நடப்பது ஆங்கிலத்தில். நாளை நீ வேலைக்குப் போகும் இடத்தில் என்னைப் போன்றவர்களோடுதான் அதிகம் பேசப் போகிறாய் என்று சொன்னேன். அடுத்து, 'இந்திய மொழி' பேசிக் காட்டச் சொன்னார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 24 அலுவல் மொழிகள், எங்கள் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள், அதில் ஒன்று என் தமிழ் என்று கரும்பலகையில் எழுதினேன். வீட்டில் அரபியும் துருக்கியும் பேசும் பிள்ளைகள் அந்த வகுப்பில் நிறைய. அவர்களுக்கு அது சட்டென்று பிடிபட்டது.

எனக்கு அதிகம் கைகொடுத்தது என் ஊர்தான். குழித்தறியின் படத்தைக் காட்டி, என்ன தெரிகிறது என்று வரிசையாகச் சொல்ல வைத்தேன். ஒரு புடவையை மேசை மேல் விரித்து, கரை எது, உடல் எது, முந்தி எது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்குள்ளிருந்து 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை அத்தி வரதரை வெளியே எடுப்பதைச் சொல்லி, 2019-இல் ஊரே திரண்ட படங்களைக் காட்டினேன். அடுத்தது 2059. "அப்போது உனக்கு என்ன வயது? எங்கே இருப்பாய்? என்ன செய்துகொண்டிருப்பாய்?" எதிர்காலத்தைப் பற்றிப் பேசப் பழக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை. வழக்கமாக வாயே திறக்காத ஒரு பெண், தனக்கு வீடு நிறையப் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள் என்று ஐந்து வாக்கியம் பேசினாள்.

பணம், வீடு, சாப்பாடு

கைக்கு வரும் சம்பளம் மாதம் ஏறக்குறைய 800 யூரோ. சான்-எத்தியேன் வாடகை குறைந்த ஊர். மூன்று பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் ஒரு அறையில் இருந்ததால் சமாளிக்க முடிந்தது. பாரிஸ் பக்கம் வேலை கிடைத்தவர்களுக்கு இதே பணம் கையைக் கடிக்கும். விமானச் செலவு நம்முடையது. முதல் சம்பளம் அக்டோபர் கடைசியில்தான் வரும் என்பதால், வாடகை முன்பணத்துக்கும் முதல் மாதச் செலவுக்கும் ஊரிலிருந்தே பணம் கொண்டுபோக வேண்டும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் வீட்டில் கடைசி நேரத் தவிப்பு இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அரிசி, பருப்பு எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவைக்கப் பழக வேண்டும். பள்ளி உணவகங்களில் வாரம் ஒரு வேளையாவது சைவச் சாப்பாடு போட வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. மற்ற நாட்களுக்கு என் டப்பாவில் புளிசாதம். மிளகு, சீரகம், சுக்கு தட்டிப் போட்ட எங்கள் ஊர் இட்லியை மந்தாரை இலை இல்லாமல் டம்ளரில் ஊற்றி வேகவைத்தேன். வீட்டில் கூட இருந்த பெண்கள் இருவரும் செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு குன்றுகளின் ஊர்

பன்னிரண்டு மணி நேர வேலையில் பெரிய நன்மை வார இறுதிதான். பாட நேரம் மூன்று நான்கு நாட்களில் முடிந்துவிடும். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு வார விடுமுறை வேறு. 27 வயது வரை வாங்கக்கூடிய இளைஞர் ரயில் அட்டை ஒன்று உண்டு. ஆண்டுக்கு 49 யூரோ கட்டினால் விரைவு ரயில்களில் கட்டணம் 30 சதவீதம் குறையும். இரவுப் பேருந்து இன்னும் மலிவு. நீண்டகால விசா இருந்தால் அக்கம்பக்கத்து ஷெங்கன் நாடுகளுக்கும் தனி விசா இல்லாமல் போய்வரலாம். மற்ற உதவியாளர்கள் ஜெனிவா, பார்சிலோனா என்று கிளம்பினார்கள். நானும் கொஞ்சம் போனேன். ஆனால் திரும்பத் திரும்பப் போன இடம் லியோன்.

லியோனில் இரண்டு குன்றுகள். ஃபுர்வியேர் குன்றின் உச்சியில் பெரிய மாதா கோயில். இந்தக் குன்றை 'தொழும் குன்று' என்கிறார்கள். எதிரே க்ருவா-ரூஸ் குன்று, பட்டு நெசவாளர் குடியிருப்பு. அது உழைக்கும் குன்று. அங்குள்ள பழைய வீடுகளின் கூரை நான்கு மீட்டர் உயரம். ஜக்கார்டு தறி உள்ளே நிற்க அவ்வளவு உயரம் தேவைப்பட்டது. நெய்த பட்டு மழையில் நனையாமல் கொண்டுபோக, வீடுகளுக்கு ஊடாகவே குறுக்கு வழிகள் இருக்கின்றன. சதுக்கத்தில் ஜக்கார்டின் சிலை. 1752-இல் லியோனில் பிறந்தவர். துளையிட்ட அட்டைகளால் தறியை இயக்கும் அவருடைய முறை 1804-இல் வந்தது. எங்கள் வீட்டில் 'ஜக்கார்டு பெட்டி' என்று தினமும் சொல்லும் பேர் ஒரு மனிதரின் பேர் என்று சொல்லி அப்பாவுக்கு வீடியோவில் அந்தச் சிலையைக் காட்டினேன். நெசவாளர் இல்லம் என்ற காட்சிக்கூடத்தில் தறி ஓடியபோது, "அட்டை எந்தப் பக்கம் சுத்துது, கிட்டக் காட்டும்மா" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தறி ஓட்டிய அம்மையாரிடம் நான் எங்கள் ஊர்க் கோர்வை நெசவைப் பற்றிச் சொன்னேன். மூன்று நாடா, நெய்ய ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா போட இன்னொருவர். பள்ளி விடுமுறைகளில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். அந்த அம்மையார் தறியை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார்.

அந்தக் குன்றின் கதையில் கண்ணீரும் உண்டு. வியாபாரி பட்டு நூலைக் கொடுப்பார், நெசவாளி தன் வீட்டுத் தறியில் நெய்து கூலி வாங்குவார். கூலி குறைந்துகொண்டே போனதால், குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கச் சொல்லி 1831 நவம்பரில் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சில நாட்கள் நகரமே அவர்கள் கையில் இருந்தது. படை வந்து அடக்கியது. 1834-இல் மறுபடியும் எழுந்தார்கள், மறுபடியும் அடக்கப்பட்டார்கள். இதைச் சொன்னதும் அப்பா கேட்டது ஒரே கேள்வி: "கடைசியில கூலி ஏறிச்சா?" நூல் கொடுத்து நெய்யவைக்கும் முறை எங்கள் தெருவிலும் அப்படியே இருப்பதால் வந்த கேள்வி அது.

டிசம்பர் 8 அன்று லியோன் மக்கள் ஜன்னல் விளிம்புகளில் கண்ணாடிக் கிண்ண விளக்குகளை வரிசையாக ஏற்றிவைக்கிறார்கள். 1852 முதல் நடக்கும் வழக்கம். கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாளில் அதைப் பார்த்தேன். ஊரைப் பிரிந்த ஏக்கம் அன்று எனக்கு இல்லவே இல்லை.

பாரிஸில் நம் ஊர்க்காரி

பாரிஸுக்குப் போனபோது முதலில் லா ஷப்பெல். ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த அந்தத் தெருவில் கறிவேப்பிலை வாங்கும்போதே, "பிள்ளை எவடம்?" என்று கடைக்கார அம்மா கேட்டார். காஞ்சிபுரம் என்றதும் தன் மகளின் கூறைப் புடவையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். காசு வாங்க மறுத்தார்.

மறுநாள் கீமே அருங்காட்சியகம். லியோனைச் சேர்ந்த எமில் கீமே 1879-இல் தன் ஊரில் தொடங்கி, 1889-இல் பாரிஸுக்கு மாற்றிய ஆசியக் கலைக்கூடம் அது. அங்கே காஞ்சிபுரம் வட்டாரத்து யோகினி ஒருத்தி இருக்கிறாள், சோழர் காலக் கற்சிலை. அவளுடைய சகோதரிகள் லண்டன், வாஷிங்டன், டெட்ராய்ட், டொராண்டோ என்று சிதறிக் கிடக்கிறார்கள். இவர்கள் 1920களில் காஞ்சியைவிட்டுப் போனது ழூவோ துப்ரெய் என்ற பிரெஞ்சு ஆசிரியர் வழியாக, பாரிஸ் வியாபாரி சி. டி. லூவிடம்.

அந்த ஆசிரியரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை. 1909-இல் புதுச்சேரிக்குக் கற்பிக்க வந்த இளைஞர் அவர். ஓய்வு நேரங்களில் பல்லவர் கோயில்களைத் தேடித் தேடிப் போய் அளந்து, வரைந்து, எழுதினார். கைலாசநாதர் கோயில் திருச்சுற்றுச் சிற்றறைகளில் பூச்சுக்கு அடியில் இருந்த பல்லவர் ஓவியங்களை 1931-இல் உலகுக்குக் காட்டியவரும் அவர்தான். வெளியூருக்குக் கற்பிக்கப் போகும் ஆசிரியர் எவ்வளவு கொடுக்க முடியும், எவ்வளவு எடுத்துவிட முடியும் என்பதை அந்த ஒரு வாழ்க்கையில் பார்க்கலாம். கைலாசநாதர் கோயில் என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். அந்தச் சிற்றறைகளுக்குள் குனிந்து பார்த்தது பாரிஸிலிருந்து திரும்பிய பிறகுதான்.

போகப் போகிறவர்களுக்கு

விண்ணப்ப வேலை ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிடும். மொழிச் சான்றிதழ், ஆசிரியரின் பரிந்துரை, எதற்காகப் போக விரும்புகிறீர்கள் என்ற கடிதம் ஆகியவை வேண்டும். அந்தக் கடிதத்தில் ஐஃபில் கோபுரத்தைப் பற்றி எழுதாதீர்கள். உங்கள் தெருவைப் பற்றி எழுதுங்கள்.

ஆங்கில உச்சரிப்புக்காக மட்டும் நம்மை அழைக்கவில்லை. பாடப்புத்தகத்தில் இல்லாத ஓர் ஊரின் ஆளாக, அந்த ஊரின் சார்பில் பதில் சொல்லக்கூடியவராக நாம் வகுப்பில் நிற்க வேண்டும். அதனால் கிளம்பும் முன் சில வாரங்கள் உங்கள் ஊருக்கே மாணவராக இருங்கள். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுபவரிடம் கஞ்சியின் பதம் கேளுங்கள். ஜரிகை சூரத்திலிருந்து எப்படி வருகிறது, ஒரு புடவைக்கு நெசவாளிக்கு எவ்வளவு கூலி நிற்கிறது என்று விசாரியுங்கள். கோயில் கல்வெட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்துக் கூடப் போங்கள். இதையெல்லாம் பதினான்கு வயதுப் பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கும்போது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தறி வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாட்டு வகுப்பறையில் சொல்ல என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் தயங்காதீர்கள். ஏழு மாதம் பேசியும் எனக்குச் சொல்லித் தீரவில்லை. விண்ணப்பியுங்கள்.