ஒரே ஊர்... நான்கு பெயர்! ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏமாறாமல் இருக்க சில வழிகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை ஸ்ரீவைகுண்டம் வட்டாரம் அவ்வளவு எளிதில் மறக்காது. அதே மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ மழை. தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது.

இப்படி ஒரு வெள்ளம் வடிந்ததும், சேற்றை வாருவதற்கு அடுத்த வேலை பட்டியல் எடுப்பதுதான். யார் வீட்டுச் சுவர் விழுந்தது, எந்த வயலில் எத்தனை வாழை சாய்ந்தது, பணம் வந்தால் எந்த வங்கிக் கணக்கில் போட வேண்டும்? முன்பு நோட்டில் எழுதினார்கள். இப்போது மகளிர் குழுவோ, விவசாயிகள் குழுவோ, தெருப் பிள்ளைகளோ போனிலேயே எக்ஸெல் அல்லது கூகுள் ஷீட்ஸைத் திறந்து தட்டிவிடுகிறார்கள். நல்லதுதான். நோட்டு நனைந்தால் போச்சு, ஷீட் நனையாது.

ஆனால் நோட்டு செய்யாத ஒரு வேலையை ஸ்ப்ரெட்ஷீட் செய்யும். நீங்கள் எழுதியதை, உங்களைக் கேட்காமலேயே மாற்றிவிடும். பட்டியலில் ஒரு வரிசை என்பது ஒரு குடும்பம். ஓர் எண் மாறினால், அந்த வீட்டுக்கு மட்டும் பணம் வராது. ஏன் வரவில்லை என்று யாருக்கும் புரியவும் செய்யாது.

ஊர்ப் பெயரே முதல் சிக்கல்

ஸ்ரீவைகுண்டம் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். சிலர் 'ஸ்ரீவைகுண்டம்' என்று எழுதுவார்கள், சிலர் 'திருவைகுண்டம்' என்பார்கள். ஆங்கிலத்தில் தட்டுபவர்கள் ஆளுக்கொரு ஸ்பெல்லிங் போடுவார்கள். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம், பார்த்துத் திருத்திவிடலாம்.

கண்ணுக்கே தெரியாத வித்தியாசமும் உண்டு. 'ஸ்ரீ' என்ற எழுத்தைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாக உருவாக்கலாம். 'ஸ' எழுத்தில் தொடங்கியும் வரும், வடமொழி ஒலிக்கான 'ஶ' எழுத்தில் தொடங்கியும் வரும். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும். உங்கள் போன் கீபோர்டு ஒன்றைப் போடலாம், பக்கத்து வீட்டுக்காரர் போன் இன்னொன்றைப் போடலாம். ஷீட்டுக்கு இவை இரண்டும் வேறு வேறு ஊர்! பெயருக்குப் பின்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தாலும் அதே கதைதான்.

விளைவு? 40 குடும்பம் உள்ள பட்டியலில் 'ஸ்ரீவைகுண்டம்' என்று ஃபில்டர் போட்டால் 23 மட்டும் வரும். மீதி 17 குடும்பம் ஷீட்டில்தான் இருக்கும், ஆனால் எண்ணிக்கையில் இருக்காது.

இதற்குத் தீர்வு, ஊர்ப் பெயரை யாரையும் தட்ட விடாமல் இருப்பது. 'டேட்டா வேலிடேஷன்' என்ற வசதியில் ஊர், தெரு, பயிர் ஆகியவற்றை ஒருமுறை எழுதி டிராப்டவுன் ஆக்கிவிடுங்கள். பிறகு நிரப்புபவர் எவராக இருந்தாலும் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். பத்து நிமிட வேலை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள்.

கணக்கு எண் என்பது கணக்குப் போடும் எண் அல்ல

வங்கிக் கணக்கு எண் பூஜ்யத்தில் தொடங்கினால், முன்னால் இருக்கும் பூஜ்யத்தை ஷீட் விழுங்கிவிடும். அதற்கு 0045-ம் 45-ம் ஒன்றுதான். இன்னொரு வம்பும் இருக்கிறது. எக்ஸெல் ஆனாலும் கூகுள் ஷீட்ஸ் ஆனாலும் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். சில வங்கிகளின் கணக்கு எண்ணில் 16 இலக்கம் இருக்கும். அதை அப்படியே தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். ஒரு சத்தமும் வராது, எச்சரிக்கையும் வராது. 12 இலக்கம் வந்தாலே எக்ஸெல் நடுவில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டுச் சுருக்கிக் காட்டும்.

எனவே எழுதத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, 'ஃபார்மேட்' பகுதியில் எக்ஸெல் என்றால் 'டெக்ஸ்ட்', கூகுள் ஷீட்ஸ் என்றால் 'ப்ளெயின் டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். 'முன்பே' என்பது முக்கியம். தட்டிய பிறகு மாற்றினால் தொலைந்த இலக்கம் திரும்பி வராது, பாஸ்புக்கைத்தான் மறுபடி கேட்க வேண்டும். ஓரிரு கட்டங்கள்தான் என்றால் எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டாலும் போதும்.

வங்கிக் கிளைக்கான ஐ.எஃப்.எஸ்.சி குறியீட்டில் ஐந்தாவது இடத்தில் இருப்பது பூஜ்யம். அதை 'ஓ' என்ற ஆங்கில எழுத்தாகத் தட்டுபவர்கள் ஏராளம். மொத்த நீளம் 11 எழுத்து என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தேதி தரும் தலைவலி

ஷீட்டின் செட்டிங்ஸில் நாடு அமெரிக்கா என்று இருந்தால், நீங்கள் தட்டும் 05/12/2024 மே 12 ஆகிவிடும். அமெரிக்கர்கள் மாதத்தைத்தான் முதலில் எழுதுவார்கள். 17/12/2024 என்றால் பதினேழாவது மாதம் இல்லையே! அதனால் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும். ஆக, ஒரே நெடுவரிசையில் பாதி தவறான தேதி, மீதி தேதியே இல்லை.

கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: சாதாரணமாக, ஷீட் புரிந்துகொண்ட எண்ணும் தேதியும் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்தாக எடுத்துக்கொண்டது இடப்பக்கம் நிற்கும். தேதிகள் இரண்டு பக்கமும் சிதறி நின்றால், செட்டிங்ஸில் 'லொகேல்' என்ற இடத்தை இந்தியாவுக்கு மாற்றிவிட்டு, தப்பாக விழுந்தவற்றைத் திருத்துங்கள்.

இந்தத் தேதித் தொல்லை விஞ்ஞானிகளையும் விடவில்லை. 'மார்ச் 1', 'செப்ட் 1' என்று சுருக்கப் பெயர் கொண்ட மனித மரபணுக்களை எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. அலுத்துப்போய் 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள்!

வரிசையை எண்ணுங்கள்

அதே 2020-ல் இங்கிலாந்தில் நடந்தது சிரிக்கும்படியானது அல்ல. கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்ஸெல் ஃபைலில் ஏற்றினார்கள். அந்த ஃபைல் 65,536 வரிசைக்கு மேல் ஏற்காது. மிஞ்சியதெல்லாம் வெளியே நின்றுவிட்டது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேரின் தொற்று கணக்கில் வராமல் போனது. அவர்களோடு பழகியவர்களுக்குத் தகவல் சொல்வதும் தாமதமானது. இப்போதைய எக்ஸெல் ஃபைல் 10,48,576 வரிசை வரை தாங்கும்.

நம் ஊர்ப் பட்டியல் அவ்வளவு நீளம் போகாது. ஆனால் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு காப்பி செய்யும்போது நாலு வரிசை விடுபடுவது சகஜம். அனுப்புபவர் 'மொத்தம் 112 வரிசை' என்று ஃபைலோடு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால், வாங்குபவர் எண்ணிப் பார்த்துக்கொள்வார்.

வாழைக்கும் உதவும்

வெள்ளக் காலத்தில் மட்டும் ஷீட்டைத் தேட வேண்டியதில்லை. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் வடகால், தென்கால் பாசனத்தில் நெல்லும் வாழையும் முக்கியப் பயிர்கள். வாழை ஓராண்டுப் பயிர். கன்று, உரம், களையெடுப்பு, முட்டுக்கொடுக்கும் கம்பு, வெட்டுக்கூலி என்று செலவு மாதக்கணக்கில் சிந்திக்கொண்டே இருக்கும். தார் விற்ற பணம் கையில் மொத்தமாக வரும்போது, பழைய செலவெல்லாம் மறந்து லாபம் பெரிதாகத் தெரியும்.

தேதி, வயல், எதற்கு, எவ்வளவு. நான்கே நெடுவரிசை போதும். ஒரு செலவுக்கு ஒரு வரிசை. 'உரம் 1,800, கூலி 600' என்று ஒரே கட்டத்தில் எழுதினால் ஷீட்டால் கூட்ட முடியாது. தொகைக் கட்டத்தில் 'ரூபாய்' என்றும் எழுத வேண்டாம், எண் மட்டும் இருக்கட்டும். அழகுக்காகக் கட்டங்களை ஒன்றாக இணைக்கும் 'மெர்ஜ்' பக்கமே போகாதீர்கள், ஃபில்டரும் வரிசைப்படுத்தலும் தடுமாறும். இப்படி எழுதி வந்தால், 'சம் இஃப்' என்ற ஒரே ஃபார்முலா எந்த வயல் எவ்வளவு தின்றது என்று சொல்லிவிடும்.

யார் கையில் சாவி?

வங்கி எண்கள் உள்ள ஷீட்டின் லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது, எல்லோருடைய பாஸ்புக்கையும் டீக்கடை பெஞ்சில் வைப்பதற்குச் சமம். இரண்டு பேருக்கு மட்டும் 'எடிட்டர்' உரிமை கொடுங்கள். சரிபார்க்க வேண்டியவருக்கு 'வியூவர்' போதும். தேவை இல்லாவிட்டால் ஆதார் எண்ணைக் கேட்கவே வேண்டாம். யாராவது தெரியாமல் அழித்துவிட்டால், கூகுள் ஷீட்ஸைக் கம்ப்யூட்டரில் திறந்து 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம்.

அந்த டிசம்பரில் கரன்ட்டும் இல்லை, டவரும் இல்லை. இணையத்தில் பத்திரமாக இருக்கும் ஷீட், அப்படி ஒரு நாளில் கைக்கு எட்டாது. ஐப்பசி பிறக்கும் முன் முக்கியமான ஷீட்டைப் போனில் 'ஆஃப்லைன்' வசதிக்கு மாற்றி வையுங்கள். ஒரு பிரின்ட் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, பரணில் ஏற்றிவிடுங்கள்.