மூச்சுக்கு ஆகும் செலவும் கிடைக்கும் பலனும்

கொள்முதல் விலையை மட்டும் பார்த்து நாம் யாரும் மூட்டை இறக்குவதில்லை. எத்தனை நாளில் விற்கும், கழிவு எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்த்த பிறகே இறக்குகிறோம். வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு வந்துவிட்டால் மட்டும் “எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை” என்று கல்லாவைத் திறந்துவிடுகிறோம். பாசத்தில் செய்வதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் விலை கூடினால் பலனும் கூடும் என்பது நாட்பட்ட நுரையீரல் நோயில் பொருந்தாது.

புகை பிடித்தவர்களுக்கும், விறகடுப்புப் புகையில் வெந்த பெண்களுக்கும் அதிகமாக வரும் நோய் இது. டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்பார்கள். நுரையீரலின் காற்றறைகள் சிதைந்து, உள்ளே போன காற்று முழுதும் வெளியேறாமல் தங்கிவிடும். முற்றினால் நாலு படி ஏறுவதற்குள் இரைக்கும். கெட்டுப்போன நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து கிடையாது.

1990களின் நடுவில் அமெரிக்காவில் இதற்கு ஓர் அறுவை சிகிச்சை வேகமாகப் பரவியது. ஊதிப்போன நுரையீரலில் மிகவும் கெட்ட பகுதியை வெட்டி எடுத்தால், மிச்சப் பகுதி நன்றாக விரிந்து சுருங்கும் என்பது யோசனை. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், பலன் உறுதிப்படவில்லை என்று 1996 ஜனவரியில் பணம் கொடுப்பதை நிறுத்தியது. பிறகு, முறையான ஆராய்ச்சியில் சேருவோருக்கு மட்டும் செலவை ஏற்றது. 1998 முதல் 2002 வரை 17 மருத்துவ மையங்களில் 1,218 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவையும் மறுபாதிக்கு மருந்து மட்டுமும் கொடுத்தார்கள்.

2001இலேயே ஓர் அதிர்ச்சி. மூச்சுத்திறன் மிகவும் தாழ்ந்துபோன ஒரு பிரிவில், அறுவை செய்துகொண்ட 69 பேரில் 16 சதவீதம் பேர் 30 நாளுக்குள் இறந்தனர். மருந்து மட்டும் பெற்ற 70 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. அத்தகையவர்களைச் சேர்ப்பதை உடனே நிறுத்தினார்கள்.

2003இல் செலவுக் கணக்கு வந்தது. நல்ல ஆரோக்கியத்துடன் வாழும் ஓர் ஆண்டை ஓர் அலகாக வைத்து (பாதி ஆரோக்கியம் என்றால் அரை அலகு), கூடுதலாக ஓர் அலகு கிடைக்க எவ்வளவு செலவு என்று பார்த்தார்கள். மூன்றாண்டுக் கணக்கில் 1,90,000 டாலர். பத்தாண்டுக்கு நீட்டி மதிப்பிட்டால் 53,000 டாலர். செலவெல்லாம் முதலிலேயே போய்விடுகிறது, பலன் மெல்ல வருகிறது. கடைக்கு ஃப்ரீசர் வாங்குவது போலத்தான். நுரையீரலின் மேல்பகுதியில் நோய் மிகுந்து, உடற்பயிற்சிக்குப் பிறகும் நடமாட்டம் குறைவாக இருந்தவர்களுக்கோ இதுவே 98,000 டாலர், பத்தாண்டில் 21,000 டாலர். ஒரே அறுவை, ஆளைப் பொறுத்து அடக்கவிலை ஏறக்குறைய பாதியாகிறது. அதே ஆண்டில் மெடிகேர், தகுந்த நோயாளிகளுக்கு மட்டும் பணம் தரத் தீர்மானித்தது.

லண்டன் நுரையீரல் மருத்துவக் குழு ஒன்றும் இதே அலகில் ஒரு விலைப்பட்டியல் போட்டது. ஃப்ளூ தடுப்பூசிக்கு ஏறக்குறைய 1,000 பவுண்டு. புகையை விட மருந்தும் ஆலோசனையும் தர 2,000. மூச்சுப் பயிற்சியும் நடைப்பயிற்சியும் சேர்ந்த மறுவாழ்வு சிகிச்சைக்கு 2,000 முதல் 8,000. மூன்று மருந்துகளைச் சேர்த்து உறிஞ்சும் சிகிச்சை 35,000 பவுண்டில் தொடங்கியது. அந்த நாட்டு விலையை நம் ஊருக்கு அப்படியே எடுக்க முடியாது. வரிசையைக் கவனித்தால் போதும். மலிவானது அடியில் நிற்கிறது. பீடிக் கட்டு விற்கும் நமக்கு இதைப் படிப்பது சற்று சங்கடம்தான்.

பிராணவாயுக் கருவி விஷயத்திலும் ஆள் பார்க்க வேண்டும். 1981இல் வெளியான பிரிட்டன் ஆராய்ச்சியில், இரத்தத்தில் பிராணவாயு மிகவும் குறைந்தவர்களுக்குத் தினம் 15 மணி நேரம் கொடுத்தார்கள். ஐந்தாண்டில் அப்படிப் பெற்ற 42 பேரில் 19 பேரும், பெறாத 45 பேரில் 30 பேரும் இறந்தனர். உயிர் காத்த சிகிச்சைதான். ஆனால் குறைவு மிதமாக இருந்த 738 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கருவி வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் இறப்பிலோ ஆஸ்பத்திரியில் சேர்வதிலோ வித்தியாசமே இல்லை.

2021 கொரோனா அலையில் அவசரத்துக்கு வாங்கிய கருவிகள் பல வீடுகளில் மூலையில் கிடக்கின்றன. அதை இப்போது தாத்தாவுக்கு மாட்டுவதற்கு முன், அவர் ஓய்வாக இருக்கும்போது பிராணவாயு அளவு 88 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கிறதா என்று டாக்டரிடம் சோதித்துக்கொள்ள வேண்டும். புதிதாக வாங்குவோர் கருவியின் விலையோடு மின்கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்கட்டும். 300 வாட்டுக்கு மேல் இழுக்கும் கருவி 15 மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 யூனிட். கரண்ட் போகும் நேரத்துக்கு ஒரு சிலிண்டரும் தனியாக வைக்க வேண்டும்.