பழகிய நாய்க்குட்டி மீண்டும் தவறுவதேன்?



நாய்க்குட்டி வளர்க்கத் தொடங்குவோர் முதல் மாதத்தில் படும் பாட்டை யாவரும் அறிவர். கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும். அதனைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடவேண்டும். சில வாரங்களில் ஒருவாறு பழகிவிடும். ஆனால், அவ்வாறு நன்கு பழகிய குட்டி ஐந்தாம் மாதத்திலோ ஆறாம் மாதத்திலோ மீண்டும் கூடத்தின் நடுவே பழைய தவற்றைச் செய்யத் தொடங்குமாயின் என் செய்வது? அதனைப்பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

எங்கள் வீட்டுக்கு ஆடி மாதக் கடைசியில் ஒரு குட்டி வந்தது. அதற்கு மணி என்று பெயரிட்டவன் என் பேரன். புரட்டாசி பிறப்பதற்குள் மணி கொல்லைக் கதவருகே சென்று முனகக் கற்றுக்கொண்டது. ஐப்பசி பிறந்தது, அடைமழையும் வந்தது. ஒருநாள் கூடத்தில் ஈரம். மறுநாள் பூசையறை வாயிலில் ஈரம். மருமகள் மெல்லிய குரலில், “மாமா, இந்த மாதத்திற்குள் இது திருந்தாவிட்டால் யாருக்கேனும் கொடுத்துவிடலாம்” என்றாள். அவள்மீது குற்றமில்லை, துடைப்பவள் அவளே அன்றோ? கதவின் பின்னால் நின்ற பேரன் அதனைக் கேட்டுவிட்டான். அன்றிரவு அவன் உண்ணவில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்பித்த யான் அப்போது செய்த செயல் எனக்குப் பெருமை தருவதன்று. மாலையில் உலாவிவிட்டுத் திரும்பியபோது தரையில் ஈரத்தைக் கண்டேன். செய்தித்தாளைச் சுருட்டி மணியை ஓர் அடி அடித்தேன். அது வாலை ஒடுக்கி, காதுகளைப் பின்னுக்கு மடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டது. “தவற்றை உணர்ந்துவிட்டது” என்று அனைவரிடமும் கூறினேன். அஃது உணர்வன்று, அச்சம். எப்பொழுதோ செய்த செயலுக்கும் இப்பொழுது விழுந்த அடிக்கும் உள்ள தொடர்பை நாய் அறியாது. மறுநாளிலிருந்து ஈரம் கூடத்தில் இல்லை. நெற்குதிருக்குப் பின்னால் இருந்தது. அதனினும் கொடிது, கொல்லைக்கு அழைத்துச் சென்றாலும் யான் அருகில் நிற்கும் வரை அது சிறுநீர் கழிக்க மறுத்தது. ‘வீட்டினுள் ஆகாது’ என்று யான் கற்பிக்க எண்ணினேன்; ‘தாத்தாவின் கண்முன் ஆகாது’ என்று அது கற்றுக்கொண்டது. தவறான கணக்கை எழுதிய மாணவன், அடிக்கும் ஆசிரியரைக் கண்டதும் சிலேட்டை முதுகின்பின் மறைப்பதில்லையா? அதுவே இது.

தார்ண்டைக் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் 1911-இல் வெளியிட்ட நூலில் விளைவு விதி என்று ஒன்றை விளக்கினார். இன்பம் தொடரும் செயல் வேரூன்றும். துன்பம் தொடரும் செயல் தளரும் என்பது அதன் சாரம். ஆசிரியர் பயிற்சியின்போது இதனை மனப்பாடம் செய்தோம். பூனைகளையும் நாய்களையும் கூண்டிலிட்டு ஆராய்ந்து கண்ட விதி இது என்பதை, நாய் வளர்க்கும்போது மறந்துவிட்டேன்! விளைவு செயலை உடனே தொடரவேண்டும். ஒருமணி நேரம் கழித்து வரும் அடி எச்செயலுக்கும் உரியதன்று.

இனிக் காரணங்களைப் பார்ப்போம். முதலில் ஐயுறவேண்டியது நோயை. அடிக்கடி சிறிது சிறிதாகக் கழித்தல், மிகுந்த தாகம், சிறுநீரில் குருதி, வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றினால் கால்நடை மருத்துவரிடம் காட்டிய பின்னரே வேறு எதனையும் எண்ணவேண்டும். சிறுநீர்ப்பையில் தொற்று உள்ள குட்டியைப் பழக்க முயல்வது, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குப் பாடம் நடத்துவதற்கு ஒப்பாகும். தண்ணீரைக் குறைத்துத் தவற்றைக் குறைக்கலாம் என்று சிலர் கருதுவர். நம் வெயிலில் அது கொடுமை. ஆறு மாதத்தை நெருங்கும் ஆண் குட்டி காலைத் தூக்கித் தூணிலும் சுவரிலும் சிறிதளவு தெளிக்கத் தொடங்கும். அது தன் எல்லையைக் குறிப்பதேயன்றி மறதியன்று. விருந்தினரைக் கண்டவுடன் குழைந்து படுத்துச் சிறுநீர் சிந்தும் குட்டியும் உண்டு. அது பணிவின் அறிகுறி; அதட்டினால் மிகும்.

மணிக்கு நேர்ந்தது இவற்றுள் எதுவுமன்று. எலுமிச்சை மரத்தடி மண்ணே தனக்குரிய இடம் என்று அது கற்றிருந்தது. மழையில் அந்த மண் சேறாயிற்று. போதாக்குறைக்குத் தீபாவளி வெடியோசை கேட்டதிலிருந்து கொல்லைப்படியில் கால்வைக்கவே நடுங்கியது. இடத்தை நாம் பறித்துவிட்டு, பாடத்தை மறந்தது என்று குட்டியைக் குறை கூறினோம்.

ஆகவே முதற்பாடத்துக்கே திரும்பினோம். மாட்டுக்கொட்டிலின் தகரக் கூரையின்கீழ் மணல் பரப்பி, எலுமிச்சை மரத்தடி மண்ணில் இரண்டு கூடை அள்ளி அதன்மேல் இட்டோம். பழைய வாசனை வழிகாட்டுமல்லவா? உறங்கி எழுந்ததும், உண்ட சிறிது நேரத்திலும், விளையாடி ஓய்ந்ததும், இரவு படுக்குமுன்னும் கயிற்றில் பிடித்து அங்கே அழைத்துச் சென்றோம். பகலில் குட்டி எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம் அடக்கும் என்பது ஒரு பொதுக்கணக்கு. யாம் அதில் பாதியையே கொண்டோம். கழித்து முடித்த அந்த நொடியிலேயே ஒரு சிறு இட்லித் துண்டும், பேரனின் புகழுரையும். வீட்டினுள் வந்து தருவது பயனற்றது. உள்ளே வந்ததற்குப் பரிசு என்றே அது கருதும். கவனிக்க ஆளில்லாத வேளையில் வீடெங்கும் திரியவிடாமல் தாழ்வாரத்தில் மட்டும் இருத்தினோம்.

துடைப்பதைப்பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். நாயின் மூக்கை அன்று. நக்கினால் தீங்கும் செய்யும். அம்மோனியா கலந்த கழுவுநீரோ சிறுநீரின் வாசனையையே நினைவூட்டும். நொதிகள் கலந்த கழுவுநீர் இக்காலத்தில் கடைகளில் கிடைக்கின்றது. அது வாசனைக்குக் காரணமான பொருளையே சிதைக்கின்றது. குதிருக்குப் பின்னால் அதனை இருமுறை ஊற்றிக் கழுவிய பின்னரே மணி அவ்விடத்தை மறந்தது.

என்னிடம் கொண்ட அச்சம் நீங்கத்தான் நெடுநாள் சென்றது. கயிற்றைப் பேரன் பிடிக்க, யான் பத்தடி தள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். நாள்தோறும் ஓரடி நெருங்கினேன். கார்த்திகைத் தீபத்தன்று மாலை, சிறு தூறலில், மணி கொல்லைக் கதவைப் பிறாண்டியது. விளக்கேற்றிக்கொண்டிருந்த மருமகள் திரியைக் கீழே வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு தானே கதவைத் திறந்தாள். அதன் பிறகும் ஒருமுறை, தை மாதத்தில் உறவினர் கூட்டம் நிறைந்திருந்த நாளில், தாழ்வாரத்தில் ஈரம் கண்டோம். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. யான் துணியை எடுத்து வந்தேன்.